காலுக்கு ஈடு

கோப்பாய்
18-6-1939

அன்பான தம்பி சோமுவுக்கு,

சுகம் விசாரித்து எழுதியிருந்தாய். இங்கே சுகமில்லை, ஆகையால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். உன் அத்தானின் வலது கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். இம்மாதம் முதற்கிழமை அத்தான் புகையிலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தான் மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து போயிருக்கிறார். பருத்தித்துறை றோட்டு மதகடியில் பின்னாலே ஒரு கார் வந்து அவரை மதகுச் சுவரோடு வைத்து நெரித்துவிட்டது. மாட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. காரை ஓட்டியவர் கொடிகாமத்துத் தேங்காய் முதலாளி தம்பிஐயா. பின்னால் இருந்தவரோடு தேங்காய் விலை கதைப்பதற்காகத் தலையைத் திருப்பிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

புதுச் சட்டப்படி கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இன்சூரன்ஸ் கட்டவேண்டுமாம். கட்டியிருந்தால் கொம்பனி எங்களுக்கு நட்டஈடு தந்திருக்குமாம். இவர் கட்டவில்லை. பொலிசார் கேட்டபோது, "என்ரை காருக்கு முன்னாலை பிள்ளையார் இருக்கிறார். பிறகேன் கொம்பனிக்குக் காசு குடுக்கிறது?" என்றாராம். அந்தக் காசில் மகளுக்குக் காப்புச் செய்வித்தார் என்று கொடிகாமம் முழுக்கக் கதை.

ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் வந்தார். ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, "எல்லாம் கிரகம் தங்கச்சி, ஆர் என்ன செய்யிறது?" என்றார். பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டுக்குப் போட்டேன்.

துலா மிதிக்க இரண்டு கால் வேண்டும் தம்பி. இவர் துலாவில் ஏறாவிட்டால் தண்ணீர் கிணற்றிலேயே கிடக்கும், தோட்டம் காய்ந்து போகும். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு வேறு யார் மிதித்துத் தருவார்கள்? நான் அழவேண்டியதை அழுது முடித்துவிட்டேன். இனி அந்த மனிதன் அழவேண்டும்.

இப்படிக்கு
அக்கா பூரணம்


சிரம்பான்
3-7-1939

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை றெயில்வே ஸ்ரேஷனில் வைத்தே உடைத்து வாசித்தேன். வாசித்த பிறகு எந்த றெயிலுக்கு எந்தக் கடதாசி எழுதினேன் என்று தெரியவில்லை. பெரிய கிளாக்கர் ஏசினார். ஏசட்டும்.

வழக்குப் போடுங்கள். கோட்டில் வாதாட நல்ல பிரக்கிராசியாகப் பிடியுங்கள், செலவை நான் அனுப்புகிறேன். சமாதானம் பேச யாராவது வந்தால் படலையோடு நிறுத்துங்கள். அத்தான் இரக்கப்படுவார், அவரை விடாதீர்கள். அவருடைய கால் மிதித்து இறைத்த தண்ணீரில்தான் நான் இங்கிலீசு படித்தேன், கப்பல் ஏறினேன், இன்றைக்குச் சப்பாத்துப் போட்டு உத்தியோகம் பார்க்கிறேன். இதை எழுதும்போது என் இரண்டு காலையும் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தம்பிஐயா காரை விற்று, காணியை விற்று, கடைசியில் கொடிகாமத்துச் சந்தைக்குத் தலையில் கடகத்தோடு நடந்து போகவேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே நான் லீவு எடுத்து வருவேன்.

உங்கள் தம்பி
சோமசேகரம்


கோப்பாய்
11-5-1940

அன்பான தம்பி,

வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தது. நாங்கள் கேட்டதில் முக்கால்வாசியைத் தரச் சொல்லி நீதவான் தீர்த்தார். அத்தான் ஊன்றுகோலோடு கோட்டுக்கு வந்து, தீர்ப்பு வாசிக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை, தம்பிஐயாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவர் காசு கட்டவில்லை. கோட்டிலிருந்து பிஸ்கால் ஆட்கள் காணியைப் பறிக்கப் பறைமேளத்தோடு கொடிகாமம் போனார்கள். மேளம் அடிக்கத் தொடங்கமுதல் தம்பிஐயா கதிரை போட்டு எல்லோரையும் இருத்தி, இளநீர் வெட்டிக் கொடுத்து, காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து நீட்டினாராம். "காணி பூமி எல்லாம் என்ரை மகளின்ரை. சீதனம் எழுதியாச்சு. என்ரை பேரிலை இந்தச் சால்வைதான் இருக்கு, வேணுமெண்டால் கொண்டு போங்கோ." கார் மச்சான் பேரில். வீடு மகள் பேரில். தென்னந்தோட்டம் முழுவதும் மகள் பேரில். உறுதி எழுதிய திகதி அத்தானுக்குக் கால் வெட்டி ஒரு மாதத்துக்குப் பிறகு. மாப்பிள்ளை யார் என்றே தெரியாது, சீதனம் மட்டும் எழுதியாகிவிட்டது.

உறுதியை உடைக்க இன்னொரு வழக்குப் போடலாம், ஆனால் அது கொழும்புக்கும் இங்கேயுமாக வருடக்கணக்கில் இழுபடும் என்கிறார் எங்கள் பிரக்கிராசி அடைக்கலநாதன்.

இனி எழுதப் போவதை இருந்து வாசி. போன கிழமை ஒரு கலியாணத் தரகர் வந்தார். தம்பிஐயாதான் அனுப்பியிருக்கிறார். மகள் நாகேஸ்வரியை உனக்குத் தருகிறாராம். மலாயா உத்தியோக மாப்பிள்ளையும் கிடைக்கும், சம்பந்தியாகிவிட்டால் வழக்கும் படுத்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். தரகர் செருப்பைக்கூடப் போடாமல் படலைக்கு ஓடிவிட்டார். விளக்குமாறு கையில் இருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்தது. அவரைக் கூப்பிட்டு இருத்தி, மோர் கரைத்துக் கொடுத்தேன்.

சீதனம் என்று ஒளித்து வைத்ததை நாங்கள் சீதனமாகவே எடுப்போம். தென்னந்தோட்டத்துக்குத் துலா மிதிக்கத் தேவையில்லை. அத்தான் ஒரு கதிரையில் இருந்துகொண்டு அதைப் பார்த்துக்கொள்ளலாம். நீ கலியாணத்தைக் கட்டு, காணியை அத்தான் பேருக்கு மாற்று. தம்பிஐயா தன்னுடைய கையாலேயே தன்னைத் தோற்கடிக்கட்டும்.

அக்கா பூரணம்


சிரம்பான்
30-5-1940

அக்கா,

உங்களுக்கு மூளை பிசகிவிட்டதா? அந்த ஆளின் மகளுடைய கையை நான் பிடிப்பதா? அந்தக் கையில் கிடக்கும் காப்புத்தான் எங்களுக்கு வந்திருக்கவேண்டிய இன்சூரன்ஸ்.

சோமு


கோப்பாய்
15-6-1940

தம்பி,

அதைத்தான் நானும் சொல்கிறேன். கையைப் பிடித்தால் காப்பும் வரும்.

அத்தானுக்கு உள்விஷயம் சொல்லவில்லை, நீயும் எழுதாதே. அவருக்குச் சம்பந்தம் பேசுகிறோம் என்று மட்டும் தெரியும். "பகை தீர்ந்தால் நல்லதுதானே" என்றார். உள்ளதைச் சொன்னால், "பெட்டை என்ன குற்றம் செய்தது?" என்று கேட்பார். பெட்டை ஒரு குற்றமும் செய்யவில்லை. எனக்கு அவளோடு ஒரு கோபமும் இல்லை. எனக்குக் காணி வேண்டும், காணிக்கு முன்னால் அவள் நிற்கிறாள், அவ்வளவுதான்.

அவர் துலாவடிக்குப் போய் நிற்பதை நீ பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி ஊன்றுகோலோடு போய் நிற்பார். கூலிக்கு வந்த ஆள் மிதிப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னும் கொஞ்சம் பின்னாலை போ தம்பி" என்று மட்டும் சொல்வார். அதைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்தால் நான் அவருக்குப் பெண்சாதி இல்லை.

அந்தத் தண்ணீரில் படித்தேன் என்று நீதான் எழுதினாய். கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆவணிக்கு லீவு எடு.

பூரணம்


சிரம்பான்
20-11-1940

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கலியாணம் முடிந்து கப்பல் ஏறிய நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். கப்பலில் நாகேஸ்வரிக்குத் தலைச்சுற்று, மூன்றாம் நாளிலிருந்து எழும்பி இருந்தாள். கொடிகாமத்து மாமா கட்டித் தந்த பனாட்டும் ஊறுகாயும்தான் வழி முழுக்கச் சாப்பாடு. இங்கே றெயில்வே குவாட்டசில் இரண்டு அறை தந்திருக்கிறார்கள். வந்த மறுநாளே பின்வளவில் கத்தரியும் மிளகாயும் நட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு ஆட்களுக்கு இவளுடைய மீன்குழம்பில் ஒரு கண்.

மாமா ஒவ்வொரு தபாலுக்கும் எழுதுகிறார். சண்டை நிலவரம் கேட்டுப் பயப்படுகிறார். மாமாவுக்கு நாங்கள் தூரத்தில் இருப்பது பெரிய கவலை.

காணி விஷயம் ஆறுதலாக எழுதுகிறேன். இப்போதுதானே வந்திருக்கிறோம்.

அன்புள்ள தம்பி
சோமசேகரம்


கோப்பாய்
5-12-1940

தம்பி சோமுவுக்கு,

உன் கடிதத்தில் வரிக்கு வரி மாமா இருக்கிறார். அத்தானின் கால் எப்படி என்று ஒரு வரி இல்லை. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெட்டின இடம் மாரிக் குளிருக்கு வீங்கியிருக்கிறது. இல்லாத பாதம் நோகிறது என்கிறார்.

கலியாண வீட்டில் தம்பிஐயா அத்தானைப் பெரிய கதிரையில் இருத்தி, ஊர் பார்க்கச் சால்வை போர்த்தியதை நீயும் பார்த்தாய். "இனி நாங்கள் ஒண்டு, பழசை விடுவம்" என்றார். பழசு அவருக்குத்தான் பழசு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். உன் கையில் உறுதி இருக்கிறது, சிரித்தால் நட்டமில்லை என்று நினைத்தேன்.

இப்போது அவர் சந்தையில் நின்று, "கோப்பாய் வழக்கை நான் ஒரு கலியாணத்திலை முடிச்சுப்போட்டன்" என்று சொல்லிச் சிரிக்கிறாராம். சிரிப்புச் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது.

ஆறுதலாக எழுதத் தேவையில்லை. அவளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு.

பூரணம்


சிரம்பான்
2-1-1941

அக்கா,

கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. "காணிக்கோ எனக்குத் தாலி கட்டினியள்?" என்றாள். அவள் அரிசியை உலையில் போட்டாள். சோறு வடித்தாள், எனக்குப் போட்டாள், தான் சாப்பிடவில்லை. அன்று தொடங்கி என்னோடு கதைப்பதில்லை. கேட்டால் தலையை ஆட்டுகிறாள்.

நான் இங்கே எங்கள் ஊர்ப் பிரக்கிராசி ஒருவரைக் கேட்டேன். சீதனம் பெண்ணுடைய சொத்து. நம் ஊர்த் தேசவழமைச் சட்டப்படி அவள் சம்மதியாமல் நான் ஒரு தென்னை ஓலையும் வெட்ட ஏலாது. இது நமக்குத் தெரியாத சட்டமா? நீங்கள் இருக்கிற வளவு உங்கள் சீதனம். அத்தான் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். இத்தனை வருடத்தில் உங்களைக் கேளாமல் வேலியில் ஒரு கதியால் வெட்டியிருப்பாரா? உங்கள் சீதனம் உங்களுக்கு, அவளுடைய சீதனம் மட்டும் எனக்கு வந்துவிடும் என்று எப்படி நினைத்தீர்கள்? நான் எப்படி நினைத்தேன்?

நாங்கள் மாப்பிள்ளை எடுக்கவில்லை அக்கா. மாப்பிள்ளை கொடுத்தோம்.

சோமசேகரம்


கோப்பாய்
9-3-1941

தம்பி,

மாப்பிள்ளை கொடுத்தோம் என்று எழுதினாய். உண்மை. என் மனிதனின் காலை எடுத்தவருக்கு நான் என் தம்பியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் சீதனத்தை ஒருவரையும் தொடவிடமாட்டேன், அவளுடையது மட்டும் உன் மடியில் விழும் என்று இருந்துவிட்டேன். கோபம் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கவிட்டது. அதற்காக நான் அழுதேன், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடைக்கலநாதனிடம் போனேன்.

காணி இல்லாவிட்டால் ஆளைப் பிடிக்கலாமாம். தீர்ப்புக் காசு கட்டாத ஆளைச் சிறைமறியலில் வைக்கக் கோட்டில் கட்டளை தருவார்கள் என்றார். "நீங்கள் அதைக் கேட்கமாட்டீர்கள், சம்பந்தி அல்லவா" என்றும் சொன்னார். கேட்டேன். வழக்கு அத்தான் பேரில் இருந்தாலும் நடத்துவது யார் என்று அடைக்கலநாதனுக்குத் தெரியும்.

போன மாதக் கடைசியில், கொடிகாமத்துச் சந்தை கூடியிருக்கும்போது பிஸ்கால் ஆட்கள் தம்பிஐயாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தேங்காய்க் குவியலுக்கு நடுவில் நின்றவரைத் தோளில் கை வைத்துக் கூப்பிட்டார்களாம். இந்தத் தரம் இளநீர் வெட்ட நேரம் கிடைக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இப்படி மறியலில் இருப்பவருக்கு அரசாங்கம் சோறு போடாதாம். பிடிப்பித்தவர்தான் சாப்பாட்டுக் காசு கட்டவேண்டும், மாதா மாதம், முன்கூட்டியே. கட்டாவிட்டால் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். நட்டஈடு கேட்டுப் போன நான் இப்போது தம்பிஐயாவுக்குச் சோறு போடுகிறேன். வண்டி மாட்டை விற்றேன். அந்த மாட்டுக்குப் பக்கத்தில் நடந்தபோதுதான் அத்தானுக்குக் கால் போனது, இனி அதை வைத்து யார் வண்டி ஓட்டப்போகிறார்கள்? மாட்டுக் காசில் தம்பிஐயா சாப்பிடுகிறார். என் வாழ்நாளில் இவ்வளவு மனத்திருப்தியோடு நான் யாருக்கும் சோறு போட்டதில்லை.

அத்தான் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறி மறியலுக்குப் போய், அந்த மனிதனுக்கு ஒரு கட்டுச் சுருட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "புகையிலை விலை" என்றார். இந்த மனிதரோடு நான் என்ன செய்ய?

உன் பெண்சாதிக்கு இதைச் சொல். சொல்லாவிட்டாலும் ஊரிலிருந்து கடிதம் போகும்.

பூரணம்


சிரம்பான்
27-3-1941

அக்கா,

உங்கள் கடிதத்துக்கு முன்னமே மாமியின் கடிதம் வந்துவிட்டது. நாகேஸ்வரி வாசித்துவிட்டு அதை மடித்து என் முன்னால் வைத்தாள். ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "எங்கை கையெழுத்து வைக்கவேணும்?" என்றாள்.

இத்தோடு றெஜிஸ்தர் தபாலில் கடதாசிகள் வருகின்றன. தென்னந்தோட்டத்தை எழுதிக் கொடுக்கும்படி அடைக்கலநாதனுக்கே அதிகாரம் கொடுத்து இருவரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். "நன்கொடை எண்டு எழுதவேண்டாம். நட்டஈடு எண்டு எழுதச் சொல்லுங்கோ. ஒருவரும் எனக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. காணி உங்கடை அத்தான் பேருக்கு. கால் அவரின்ரை கால். மச்சாளின்ரை பேர் அதிலை வரக்கூடாது."

இதற்கு மேல் அவள் கேட்டது ஒன்றுதான். வருஷப்பிறப்புக்கு முன் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போகவேண்டும். வருஷப்பிறப்பன்று அவர் கையால் கைவிசேஷக் காசு வாங்கி வளர்ந்தவள். இந்த வருடம் தான் வாங்காவிட்டாலும், வீட்டில் இருப்பவர்களுக்காவது அவர் கொடுக்கட்டும் என்கிறாள். கடதாசி சித்திரை பிறக்கமுதல் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அவள் பிள்ளைத்தாச்சி. ஆவணியில் எதிர்பார்க்கிறோம். பிறக்கிற பிள்ளைக்கு அத்தானைப் பற்றிச் சொல்வேன், அவர் மிதித்த துலாவைப் பற்றிச் சொல்வேன். உங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. என்னை வளர்த்த கை உங்கள் கை, அதை நான் மறக்கவில்லை. ஆனால் இதுதான் நான் உங்களுக்கு எழுதுகிற கடைசிக் கடிதம்.

சோமசேகரம்


கோப்பாய்
12-4-1941

சோமு,

கடதாசிகள் வந்து சேர்ந்தன. நேற்று நொத்தாரிசு முன்னால் உறுதி முடிந்தது. தென்னந்தோட்டம் அத்தான் பேரில். நட்டஈடு என்றுதான் எழுதியிருக்கிறது, அவள் சொன்னபடி. என் பேர் இல்லை. வாசித்துக் காட்டும்போது நான் வெளியே நின்றேன். அத்தான் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, "கெட்டிக்காரப் பெட்டை" என்றார். ஓம் என்றேன். உன் பெண்சாதியைப் பற்றி நான் சொல்கிற முதல் நல்ல வார்த்தை அது, எழுதி வைத்துக்கொள்.

பிள்ளைச் செய்தியை வாசித்து அடுப்படியில் இருந்து வெகுநேரம் அழுதேன். எங்களுக்கு ஒன்று பிறக்கவில்லை, உன்னைத்தான் பிள்ளையென்று வளர்த்தோம். உன் பிள்ளைக்கு என்னைப் பற்றிச் சொல்லமாட்டாய் என்கிறாய். சொல்லாதே. உன் கடிதம் இனி வராது என்பதும் தெரியும். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் படலையடியில் நிற்காமல் இருக்கப் பழகவேண்டும், அது பழகிவிடும்.

நேற்று அடைக்கலநாதன் விடுதலைக் கடதாசியை எழுதி ஆயத்தமாக வைத்திருந்தார். அதைக் கோட்டில் கொடுத்தால் பின்னேரமே தம்பிஐயாவை விட்டுவிடுவார்களாம். அத்தான், "விட்டுவிடு பூரணம், நாளையண்டைக்கு வருஷம்" என்றார். நொத்தாரிசும் ஓம் ஓம் என்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். இந்த மாதத்துச் சாப்பாட்டுக் காசை முதலாந் திகதியே கட்டிவிட்டேனே, அவரை இப்போது விட்டால் மிச்சம் திரும்பி வருமா? வராதாம்.

அப்படியென்றால் கட்டின காசுக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா